தேர்க்கூட்டத்தில் தனா அக்கா திறந்த வட்டம்

குமரேசன் அண்ணே, இதை முதலில் நீங்கள் மட்டும் படியுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன், நாளை நான் போன் செய்யும்வரை யாருக்கும் காட்டாதீர்கள். உங்கள் அம்மாவுக்கும் வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் படம் பிடித்துப் போட்டுவிடாதீர்கள். தனா அக்காவின் பதினாறாம் நாளுக்கு அச்சிடும் நினைவுப் புத்தகத்துக்காக ஆளுக்கு இரண்டு பக்கம் கேட்டீர்கள். எனக்கு இரண்டு பக்கம் போதவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், என் பக்கங்களில் என் அப்பா வருகிறார். அவருக்குத் தெரியாமல்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவரிடம் நானே சொன்ன பிறகு புத்தகம் அச்சாகட்டும். தனா அக்காவைத் தெரிந்தவர்கள் எல்லாரும் படிக்கட்டும். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் கட்டாயம் படிக்கட்டும்.

செய்தி வந்தபோது நான் பிரிக்பீல்ட்ஸில் ட்யூஷன் முடித்துவிட்டு, கிள்ளான் போகும் ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தேன். உங்களிடமிருந்து குரல் பதிவு ஒன்று வந்தது, அண்ணே. நீங்கள் அனுப்புவதெல்லாம் பெரும்பாலும் சிரிப்புத் துணுக்குகள்தான், வீட்டுக்குப் போய்க் கேட்கலாம் என்று நினைத்தேன். ஏனோ அங்கேயே காதில் வைத்தேன். "லோகேஸ், அக்கா போயிட்டாங்க மா. டெங்கி. காலையில." அவ்வளவுதான் பேச்சு. மீதியெல்லாம் நீங்கள் மூச்சு விடும் சத்தம். ரயில் வந்தது, கதவு திறந்தது, மூடியது, போய்விட்டது. முப்பத்திரண்டு வயதில் ஒருவர் ஐந்து நாள் காய்ச்சலில் போய்விடலாம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

இறுதிச் சடங்கு வீட்டில், வந்தவர்களுக்குத் தண்ணீர்க் குவளைகளைத் தட்டில் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நாற்காலியில் இரண்டு ஆன்டிகள் இருந்தார்கள்.

"இதுதான அந்தப் பொண்ணு? தேர் அன்னிக்கு கூட்டத்து மேல ட்ரோனப் போட்டுச்சே?"

"ஆமா லா. போட்டுட்டு, சாமி வந்த மாதிரி ஆடிச்சாம்."

"பாவம். நல்ல பொண்ணுதான். ஆனா கவனம் பத்தாது."

கவனம் பத்தாது. தனா அக்காவைப் பற்றி அந்த வார்த்தை. அவர்களைத் திருத்தாமல் தண்ணீரைக் கொடுத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அன்று கூட்டத்தின் மேல் இறங்கிய ட்ரோன் தனா அக்காவுடையது அல்ல. என்னுடையது. பறக்கவிட்டதும் நான்தான்.

தனா அக்காவை நான் முதலில் பார்த்தது கேரி தீவில். என் பெரியம்மா மகள் கல்யாணத்துக்கு முன்பு மாப்பிள்ளையோடு படம் எடுத்துக்கொள்ள அங்கே போனாள். துணைக்கு என்னை அனுப்பினார்கள். செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே நீளமான மண் பாதை. படம் எடுக்க வந்தவர்கள் நீங்கள் இருவரும்: உங்கள் தோளில் கேமரா. தனா அக்கா கையில் ரிமோட், கண் ரிமோட்டின் திரையில். மணப்பெண்ணும் மாப்பிள்ளையும் கைகோத்து நடக்க, ட்ரோன் அவர்களுக்கு முன்னால் பின்வாங்கிக்கொண்டே போனது. எனக்கு வேலை எதுவும் இல்லாததால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ட்ரோன் போகும் வழியில், மட்டைகளுக்கு இடையே, ஒரு மெல்லிய கம்பி தெரிந்தது. "அக்கா, கம்பி!" என்று கத்தினேன்.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. என்ன கம்பி, எங்கே என்று கேட்கவில்லை. ட்ரோன் அந்த இடத்திலேயே நின்றது, நேராக இறங்கியது, புல்லில் உட்கார்ந்தது. இறக்கைகள் நின்ற பிறகு ஒரு கையைத் தூக்கி, போட்டியில் ஜெயித்தவரைப் போல, "எல்லாம் தரையில!" என்று கூவினார். அதற்குப் பிறகுதான் நடந்து போய்க் கம்பியைப் பார்த்தார். ட்ரோன் இறங்கிய இடத்துக்கும் கம்பிக்கும் நாலு எட்டுதான் இடைவெளி.

நீங்கள் சிரித்தீர்கள், அண்ணே. "தனா, சின்னப் பிள்ள சொன்னா ஒடனே எறக்கிடுவியா?"

"எறக்குன்னு யாரு சொன்னாலும் அந்த நேரத்துல அவங்கதான் பாஸ். மொதல்ல எறக்கணும், அப்புறம் கேக்கணும்." என்னைப் பார்த்தார். "உனக்கு சனிக்கிழமை மத்தியானம் என்ன வேல?"

அன்றிலிருந்து நான் அவருடைய கண் ஆனேன். பறக்கவிடுபவர் திரையைப் பார்க்கும்போது, இன்னொருவர் திரையைப் பார்க்காமல் ட்ரோனையே பார்க்க வேண்டும். ட்ரோன் கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குப் போகக்கூடாது. நானூறு அடிக்கு மேல் ஏறக்கூடாது. ஆட்கள் தலைக்கு மேல் போகக்கூடாது. கிளம்புவதற்கு முன் போனில் வரைபடத்தைத் திறந்து, விமான நிலையத்தைச் சுற்றிப் போட்டிருக்கும் சிவப்பு வட்டத்துக்குள் நாம் நிற்கிறோமா என்று பார்க்க வேண்டும். நின்றால், அனுமதி இல்லாமல் பெட்டியைத் திறக்கவே கூடாது. எனக்கு இவையெல்லாம் பாடம்போல வரவில்லை. வேலைக்குப் போன இடங்களில், அவர் முடியாது என்று சொன்ன நேரங்களில், ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன்.

அப்படி அவர் முடியாது என்று சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது பிரிக்பீல்ட்ஸில் நடந்தது. பெண் வீட்டார், பூக்கடைகள் இருக்கும் தெருவில் மணப்பெண் நடந்து வருவதை மேலிருந்து எடுக்க வேண்டும் என்றார்கள். தனா அக்கா தெருவைப் பார்த்தார். கடைக்குக் கடை ஆட்கள், நடுவே மோட்டார் சைக்கிள்கள், மேலே ரயில் பாதை.

"இங்க பறக்கவிட மாட்டேன் அங்கிள்."

பெண்ணின் பெரியப்பா முகம் சிவந்துவிட்டது. "பயமா இருந்தா சொல்லிடும்மா. வேற ஆளப் பாத்துக்கறோம்."

"ஆமா அங்கிள், பயம்தான்" என்றார் அக்கா, கொஞ்சமும் கூச்சமில்லாமல். "அரை மணி நேரம் குடுங்க."

பக்கத்தில் இருந்த கார் நிறுத்தும் கட்டடத்துக்கு எங்களை அழைத்துக்கொண்டு போனார். காவலாளி அண்ணனிடம் பேசி, ஐந்தாவது மாடியின் ஓரச்சுவரில் கேமராவைக் கட்டி, கீழே பெண்ணை நடக்க வைத்தார். மாலைகளின் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவே பெண்ணின் பச்சைப் புடவை ஆறு போல நகர்ந்தது. வரவேற்பு அன்று பெரிய திரையில் அதைப் போட்டபோது மண்டபமே கை தட்டியது. அந்தப் பெரியப்பா பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னது எங்கள் காதில் விழுந்தது: "பாத்தியா, ட்ரோன்னா ட்ரோன்தான்." நீங்கள் வாயில் இருந்த பிரியாணியைத் துப்பாமல் இருக்கப் பட்ட பாடு இன்னும் கண் முன்னால் நிற்கிறது. தனா அக்கா மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இனி எழுத வேண்டியது தேர்.

என் அப்பா எங்கள் கோயில் கமிட்டியின் செயலாளர். அவரைக் கெட்டவர் என்று யாரும் நினைக்க வேண்டாம். தனா அக்காவுக்குக் கோயில் வீடியோ வேலையை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். நான் அக்காவோடு சனிக்கிழமைகளில் போவதில் அவருக்குப் பெருமை. பள்ளியில் படிவம் நான்கு முடிவில் நான் நல்ல மதிப்பெண் எடுத்ததற்கு ஒரு சின்ன ட்ரோன் வாங்கித் தந்தார். பெட்டியில் இருநூற்று நாற்பத்தொன்பது கிராம் என்று போட்டிருந்தது. அந்த எண்ணை அவர் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார்.

தேருக்கு ஒரு வாரம் இருக்கும்போது, கோயில் அலுவலகத்தில் தனா அக்காவிடம் சொன்னார்: "இந்த வருசம் தேருக்கு மேலேர்ந்து ஒரு ஷாட் வேணும் தனா. மத்த கோயில்ல எல்லாம் போட்டுட்டான்."

"தேர் போற ரோட்டுல அவ்ளோ ஜனம் அங்கிள். தலைக்கு மேல பறக்கவிட மாட்டேன். செய்யணும்னா முன்னாடியே எழுதிக் கேட்டு, எடத்த ஒதுக்கி, அதுக்கு ஒரு முறை இருக்கு. ஒரு வாரத்துல ஆகாது. அடுத்த வருசத்துக்கு இப்பவே எழுதுவோம்."

"பெருசுக்குத்தான அதெல்லாம்? லோகேஸ்கிட்ட இருக்கறது ஒரு மாங்கா கனம் லா. அதுக்குப் போயி என்ன சட்டம்?"

"மாங்கா மரத்துலேர்ந்து தலையில விழுந்தா வலிக்காதா அங்கிள்? இந்த மாங்காயில நாலு கத்தி வேற சுத்துது. சின்னதுன்னா பேப்பர் வேல கொஞ்சம் கொறையலாம். பொறுப்பு கொறையாது."

அப்பா சிரித்தார், ஆனால் அது சிரிப்பு இல்லை. "நீ பெரிய விமானி மாதிரி பேசற."

"ரிமோட் கையில இருக்கறப்ப விமானிதான் அங்கிள்."

தேர் அன்று மாலை, தேருக்கு முன்னால் போக வேண்டிய, ஒலிபெருக்கி கட்டிய கமிட்டி லோரி நின்றது. சாமான் கடை வாசலில், தேங்காய் உடைக்கும் இடத்துக்குப் பக்கத்தில். வேண்டுதல்காரர்கள் தேங்காய்களை மலைபோலக் குவித்திருந்தார்கள். தேர் வந்து நிற்கும்போது உடைப்பார்கள். அப்பா என்னை லோரியில் ஏற்றினார். என் ட்ரோனைக் கையில் கொடுத்தார். கமிட்டிக்காரர்கள் சுற்றி நின்றார்கள். "அந்தம்மா மாட்டாங்களாம். என் பிள்ளைக்குத் தெரியாததா?" என்றார்.

"அப்பா, தனா அக்கா வேணாம்னு..." என்று இழுத்தேன். அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்க விடவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுவல்ல. எனக்கும் ஆசை இருந்தது. அத்தனை பேர் முன்னால் அப்பா என்னைப் பற்றி அப்படிச் சொன்னதும் இல்லை.

ட்ரோன் லோரியிலிருந்து கிளம்பியது. தேரின் கலசம் திரையில் பொன்னாகத் தெரிந்தது. "சூப்பர் லா லோகேஸ்!" என்றார்கள் கமிட்டிக்காரர்கள். நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எனக்குக் கண்ணாக நிற்க யாரும் இல்லை. லோரி நகர ஆரம்பித்ததை உணர்ந்தேன், ஆனால் அதன் அர்த்தம் என் தலையில் ஏறவில்லை. ஐந்தாறு கடை தாண்டி ஒரு வளைவும் திரும்பிவிட்டோம். அதற்கு முன்பே அதே பேட்டரியில் வீட்டு வாசலில் பெருமைக்காக மூன்று முறை பறக்கவிட்டிருந்தேன். பேட்டரி தீரப்போகிறது என்று ரிமோட் கத்தியது. ட்ரோன் தானாகத் திரும்பியது. பேட்டரி குறைந்தால் அது வீட்டுக்குப் போய்விடும். ட்ரோனுக்கு வீடு என்பது கிளம்பிய இடம். லோரி நகர்ந்தது அதற்குத் தெரியாது. அது தேங்காய்க் குவியலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. கட்டடங்கள் மறைத்ததால் என் திரை அப்படியே உறைந்துவிட்டது. லோரியிலிருந்து குதித்து ஓடினேன்.

இதற்கு மேல் பாதி நான் ஓடிப்போய்ப் பார்த்தது. மீதி, குமரேசன் அண்ணே, நீங்கள் தோளில் கேமராவோடு அங்கே நின்றதால் நான் பிறகு பார்த்தது.

தேர் அதற்குள் தேங்காய் இடத்துக்கு வந்துவிட்டது. கூட்டம் நெருக்கி நின்றது. உறுமி மேளம் காதைப் பிளந்தது. தனா அக்கா கீழே நின்று தேரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். திடீரென்று தலையைத் தூக்கினார். அந்த மேளத்துக்குள்ளும் அவருக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்கிறது. மேலே பார்த்தார், லோரி நின்ற இடத்தைப் பார்த்தார், அது காலியாக இருந்தது. ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு. கேமராவை உங்கள் காலடியில் வைத்துவிட்டு நடுவே ஓடினார்.

"ஒதுங்குங்க! மேல பாருங்க, ட்ரோன் எறங்குது!"

"அக்கா, மறைக்காதீங்க லா, தேரப் பாக்கணும்" என்றார் ஒருவர். மற்றவர்கள் மேலே பார்த்தார்கள். பார்த்துவிட்டு, விலகவில்லை. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இன்னும் கிட்டே வந்தார்கள். ட்ரோனுக்கு நேர் கீழே ஒரு சின்னக் குழந்தை உட்கார்ந்து தேங்காய்ச் சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் தனா அக்கா தன் கொண்டையை அவிழ்த்தார்.

முடி இடுப்புவரை விழுந்தது. கண்ணை மேலே செருகினார். இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, ஒரு சுற்று, இன்னொரு சுற்று, குரலெடுத்து ஒரு சத்தம் போட்டார். அந்தச் சத்தத்தைக் கேட்டால் எனக்கு இன்றும் புல்லரிக்கிறது.

"சாமி வந்துருச்சு! வழி விடுங்க!" என்று யாரோ கத்தினார்கள். யாரும் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முன்வரிசை கைகோத்துக்கொண்டு பின்வாங்கியது. மேளக்காரர்கள் தாங்களாகவே அடியை மாற்றினார்கள். ஓர் ஆன்டி எலுமிச்சம்பழத்தோடு வட்டத்தின் ஓரத்தில் நின்று கேட்டார்: "யாரு தாயீ வந்திருக்கறது?"

"பிள்ளைங்கள தூக்கு!" என்றார் தனா அக்கா.

"தாயீ..."

"பின்னால போ! இன்னும் போ!"

"தாயி கோவமா இருக்கா, போங்க, போங்க!" ஆன்டி எல்லாரையும் தள்ளினார். குழந்தையை அதன் அப்பா வாரி எடுத்தார். பதினைந்து அடி அகலத்துக்கு வெறும் தார்ச்சாலை திறந்துகொண்டது. நான் கூட்டத்துக்குள் தலையை நுழைத்தபோது கண்டது அந்த வட்டத்தைத்தான். நடுவே தனா அக்கா சுழன்றுகொண்டே ஓரத்துக்கு நகர்ந்தார். அவர் விட்ட இடத்தில் என் ட்ரோன் இறங்கியது. குங்குமமும் தேங்காய் நாரும் காற்றில் பறந்தன. ட்ரோனின் ஒரு கால், தேங்காய் ஓட்டில் பட்டுச் சாய்ந்தது. ஓர் இறக்கை உடைந்து, குழந்தை உட்கார்ந்திருந்த இடத்துக்கு மேலாகப் பறந்து, ஒரு கூடையில் குத்தி நின்றது.

இறக்கைகள் நின்றன. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

தனா அக்கா ஒரு கையைத் தூக்கினார். "எல்லாம் தரையில!"

கூட்டம் அதை அருள்வாக்கு என்று நினைத்துக்கொண்டது. முன்வரிசையில் பத்துப் பதினைந்து பேர் கைகூப்பி, "எல்லாம் தரையில!" என்று திருப்பிச் சொன்னார்கள். ஒரு தாத்தா சாலையில் விழுந்து கும்பிட்டார். அக்கா முடியை முடிந்துகொண்டு, எலுமிச்சம்பழ ஆன்டியிடம், "ஆன்டி, கொஞ்சம் தண்ணி இருக்கா?" என்று கேட்டார். இதை எழுதும்போதுகூட எனக்குச் சிரிப்பு வருகிறது. வாயைப் பொத்திக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அந்த வெற்றி பத்து நிமிடம்தான் நிலைத்தது. கமிட்டிக்காரர்கள் ஓடி வந்தார்கள். "யாரு ட்ரோன் இது?" லோரியில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா என்னைப் பார்த்தார். ரிமோட் என் கையில் இருந்தது. அதை மெதுவாக வாங்கி, உங்கள் கேமராப் பைக்குள் போட்டார். "வீடியோக்காரங்களோடது" என்றார்.

அவர் என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். எனக்குத் தெரியும். தனா அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அக்காவுக்குக் கோயில் வேலை போயிற்று. கூட்டத்தின் மேல் ட்ரோனைப் போட்டார், போதாததற்குச் சாமியை வைத்து நாடகம் ஆடினார் என்று பேச்சு பரவியது. பேசி வைத்திருந்த இரண்டு கல்யாணங்கள் வேறு ஆளுக்குப் போயின. உங்களிடம் படம் இருந்தது அண்ணே. ஒரு முறை குழுவில் போட்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். போட வேண்டாம் என்று அக்கா சத்தியம் வாங்கிக்கொண்டார் என்று சொன்னீர்கள்.

அப்பா சனிக்கிழமைகளை நிறுத்திவிட்டார். ஒரே ஒரு முறை, ட்யூஷனை விட்டுவிட்டு, பிரிக்பீல்ட்ஸில் ரொட்டி சானாய் கடையில் அக்காவைப் பார்த்தேன். அழுதுகொண்டே கேட்டேன், ஏன் நீங்கள் சொல்லவில்லை என்று.

"நான் சொன்னா அது புகார். நீ சொன்னாத்தான் அது பொறுப்பு." ரொட்டியைப் பிய்த்து என் தட்டில் வைத்தார். "மொதல்ல சாப்புடு லா."

"அன்னிக்கு நடிச்சீங்களா அக்கா? நிஜமாவே சாமி வந்துச்சா?"

"நடிக்கத்தான் ஆரம்பிச்சேன். அந்தக் கொழந்தைக்கு மேல அது எறங்கறதப் பாத்தப்ப, அப்புறம் என்ன ஆச்சுன்னு எனக்கே சரியாத் தெரியல. கால் நடுங்கினது நெசம்."

பையிலிருந்து பறப்பு நோட்டை எடுத்தார். பறந்த ஒவ்வொரு முறையும் இடம், காற்று, பறக்கவிட்டவர், கண்ணாக நின்றவர், நடந்த தவறு எல்லாவற்றையும் அவர் எழுதி வைப்பது நமக்குத் தெரியும். தேர் நாளுக்கும் ஒரு பக்கம் இருந்தது. நடந்த தவறு என்ற இடத்தில், கிளம்பிய இடம் நகர்ந்துவிட்டது, கண் இல்லை, ஆட்கள் தலைக்கு மேல், பேட்டரி முழுதாக இல்லை என்று நான்கு வரிகள். பறக்கவிட்டவர் என்ற இடம் காலியாக இருந்தது.

"இத நான் நெரப்ப மாட்டேன். எப்ப எழுதற?"

"எக்ஸாம் முடிஞ்சதும் அக்கா. சத்தியமா."

"சரி லா. நான் எங்க ஓடிப்போகப் போறேன்" என்றார்.

அக்கா போன பிறகு அவருடைய ட்ரோன் பெட்டியை நீங்கள் எனக்குக் கொடுத்தபோது, குமரேசன் அண்ணே, அந்த நோட்டும் உள்ளே இருந்தது. பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இன்றிரவு இதை எழுத உட்காரும்முன் அந்தப் பக்கத்தைத் திறந்து, பறக்கவிட்டவர் என்ற இடத்தில் என் முழுப் பெயரை எழுதினேன். லோகேஸ்வரி. எழுத்து கோணலாக வந்தது, ஆனால் அடிக்காமல் எழுதினேன். அந்தப் பக்கத்தையும் புத்தகத்தில் போடுங்கள். நீங்கள் எடுத்த படத்தைப் பதினாறாம் நாள் மண்டபத்தில், பெரிய திரையில் போடுங்கள். அந்த இரண்டு ஆன்டிகளையும் முன்வரிசையில் உட்கார வையுங்கள். கூட்டத்தின் மேல் ட்ரோனைப் போட்டவர் என்று பெயர் வாங்கிய ஒருவர், அத்தனை பேரையும் தன் வெறும் கையால் விலக்கியதை எல்லாரும் பார்க்கட்டும். நான் எழுந்து நின்று சொல்கிறேன். அப்பா செயலாளர் பதவியை விட வேண்டியிருக்கலாம். என்னோடு பல நாள் பேசாமல் இருக்கலாம். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

தனா அக்காவிடமிருந்து நான் எதை வைத்துக்கொள்கிறேன் என்று எழுத வேண்டும் அல்லவா. விதிகளை எல்லாரும் எங்காவது படித்துக்கொள்ளலாம். உங்கள் படத்தில் ஒரு சின்ன இடம் இருக்கிறது, நான் நாற்பது ஐம்பது முறை பார்த்துவிட்டேன். ட்ரோன் இறங்கி நின்றதும் எல்லாருடைய கண்ணும் அதன் மேல்தான் இருந்தது. தனா அக்கா மட்டும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வட்டத்தில் நின்ற முகங்களை ஒவ்வொன்றாக, இடமிருந்து வலமாக, அந்தக் குழந்தையின் முகம்வரை பார்த்துக்கொண்டு வந்தார். எல்லாரையும் பார்த்து முடித்த பிறகுதான் கையைத் தூக்கினார். அப்படிப் பார்ப்பதை நான் வைத்துக்கொள்கிறேன். இன்னும் ஒன்று எழுத...

கதவு தட்டுகிறது. அப்பாதான். "லோகேஸ், இன்னும் தூங்கலையா? வெளக்கு தெரியுதே. கதவத் தொற மா."

அக்காவின் நோட்டை மூடவில்லை, இந்தப் பக்கங்களையும் மறைக்கவில்லை. வாங்கப்பா, உங்ககிட்ட ஒண்ணு படிச்சுக் காட்டணும் என்று சொல்லிவிட்டு எழுந்து கதவைத் திறக்கப் போகிறேன்.